எண்ணூர் கழிமுகத்தில் ரப்பர் மீன் போட்டுத் தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் பாலத்துப் பக்கம் ராடோடு நின்றால் அரை மணிக்கு ஒருவராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். "அது நிஜ மீனா, ரப்பரா?" என்று தொடங்கி, "இந்தத் தண்ணியில இன்னும் மீன் இருக்கா?" வரைக்கும் கேள்விகள் வரும். பன்னிரண்டு வருடமாக இந்தக் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் ரப்பர் இரை வீசி வருகிறேன். நின்ற இடத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ரப்பர் மீன் என்கிறீர்களே, அது ரப்பர்தானா?

பேச்சு வழக்கில்தான் ரப்பர். பெரும்பாலானவை எண்ணெய் போன்ற ஒரு திரவம் கலந்து மென்மையாக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக். கடையில் சாஃப்ட் பிளாஸ்டிக், சாஃப்ட் பெய்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் 1949இல் வீட்டிலேயே காய்ச்சி வார்த்த பிளாஸ்டிக் புழுதான் இதற்கெல்லாம் முன்னோடி. அவர் செய்தது ஏரி மீனுக்கு. நம் கழிமுகத்தில் புழுவைவிட மீன் குஞ்சு வடிவமும் இறால் வடிவமும்தான் வேலை செய்கின்றன. வால் நுனி தட்டையாகத் துடுப்பு மாதிரி இருந்தால் பேடில் டெயில். அரிவாள் மாதிரி சுருண்டிருந்தால் கர்ல் டெயில். புதிதாகத் தொடங்குகிறவர் மூன்று அங்குல பேடில் டெயில் ஒரு பாக்கெட், அதே அளவு இறால் ஒரு பாக்கெட் வாங்கினால் போதும். பத்து வகை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அஞ்சு நிமிஷம் போட்டுப் பார்ப்பதால் எதையுமே கற்றுக்கொள்ள முடியாது.

உயிர் இறால் போட்டால் இன்னும் நிறைய மாட்டுமே?

மாட்டும். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் உயிர் இறாலே போடுங்கள். ஆனால் எண்ணூரில் இறாலை அடியில் போட்டால் முதலில் வருவது கெளுத்தி, அடுத்தது பேத்தை, அப்புறம் நண்டு. ரப்பரில் தின்ன ஒன்றுமில்லை. அசைவைப் பார்த்தும் அதிர்வை உணர்ந்தும் துரத்துகிற மீன்தான் பெரும்பாலும் வரும். இன்னொன்று, இறாலைப் போட்டுவிட்டு மீனுக்காக நாம் காத்திருக்கிறோம். ரப்பரோடு மீனைத் தேடிக்கொண்டு நாம் போகிறோம். ஒரு மணி நேரத்தில் கரை நெடுக எங்கே பள்ளம், எங்கே மேடு, எங்கே கல் என்று கைக்கே தெரிந்துவிடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

என்னென்ன மீன் கடிக்கும்?

முதல் ஆசை எல்லாருக்கும் கொடுவாதான். அதோடு செப்பிலி, பாறைக் குட்டிகள், களவா, சீலா, மொராங்கெண்டை, வரி வரியாக இருக்கும் கீச்சான். பழவேற்காட்டு முகத்துவாரத்துப் பக்கம் காலாவும் உண்டு.

மடவை கடிக்காது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் மடவை கூட்டம் கூட்டமாகக் குதிப்பதைப் பார்த்துவிட்டு நடுவில் வீசி வீசி ஓய்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மடவை சேற்றிலுள்ள பாசியையும் மக்கியதையும் மேய்கிற மீன். ஆனால் சும்மா குதிக்கும் மடவைக்கும், பயந்து ஒரே திசையில் சிதறுகிற மடவைக்கும் வித்தியாசம் உண்டு. சிதறினால் பின்னால் ஏதோ துரத்துகிறது. கூட்டத்தின் நடுவில் வீசாமல் ஓரத்திலும் அடியிலும் வீசுங்கள்.

எந்த நேரத்துக்குப் போக வேண்டும்? காலை 6 மணியா, மாலையா?

கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவதில் இதுதான் பெரிய விஷயம். பொருத்தமில்லாத ரப்பரோடு சரியான ஓதத்தில் நின்று மீன் பிடித்திருக்கிறேன். அருமையான ரப்பரோடு செத்த தண்ணீரில் நின்று ஒன்றுகூடக் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன்.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை ஆறுக்கு ஏற்றம் என்றால், அடுத்த ஞாயிறு காலை ஆறுக்குக் கிட்டத்தட்ட வற்றம். போன வாரம் இதே நேரத்தில் இதே இடத்தில் கிடைத்ததே, இப்போது ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னைக் கரையில் தண்ணீர் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. உலகத்தில் பல இடங்களோடு ஒப்பிட்டால் இது சின்ன ஓதம். அதனால்தான் இங்கே அந்த ஓட்டம் இருக்கிற ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தவறவிடக்கூடாது.

எனக்கு அதிகம் பலன் தந்தது தண்ணீர் இறங்கத் தொடங்கியதிலிருந்து முதல் இரண்டு மணி நேரம். அலையாத்திச் செடிகளுக்குள்ளும் சின்ன ஓடைகளுக்குள்ளும் மேயப்போன இறாலும் குஞ்சு மீனும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும். ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும். முழு ஏற்றத்திலும் முழு வற்றத்திலும் தண்ணீர் நின்றுவிடும். அப்போது டீ குடிக்கப் போகலாம்.

ஓத நேரத்தை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் தருகிறது, கைபேசிச் செயலிகளிலும் இருக்கிறது. ஆனால் அது கடலுக்கான நேரம். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப்போக ஏற்றமும் வற்றமும் தாமதமாகத்தான் வரும். முகத்துவாரம் மணல் தூர்ந்திருந்தால் இன்னும் தாமதம், ஏறி இறங்கும் அளவும் குறைவு. ஆகவே நீங்கள் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தாமதம் என்று நாலு தடவை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பாலத்துத் தூணில் ஒட்டிய சிப்பிகளின் ஈரக்கோட்டைப் பார்ப்பேன். கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை ஈரம் தெரிந்தால் வற்றம் தொடங்கிவிட்டது.

எந்த இடத்தில் நிற்பது? குறிப்பாகச் சொல்லுங்கள்.

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் தெற்கிலிருந்து வந்து அதில் கலந்து, வடக்கே பழவேற்காடு ஏரி வரை போகிறது. இந்த மூன்று தண்ணீரும் சேருமிடங்கள், பாலத் தூண்களின் பின்பக்கம், ஓடை வாய்கள், கல் கொட்டிய கரை — இவைதான் இடங்கள். தூணுக்கு எதிர்ப்புறம் ஓட்டம் மோதி, பின்னால் ஒரு அமைதியான சுழல் உண்டாகும். ஓட்டத்துக்கும் அமைதிக்கும் நடுவில் தண்ணீர் மேல் ஒரு மடிப்பு தெரியும். அந்த மடிப்பு ஓரமாக ரப்பர் இறங்க வேண்டும்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் ஏறவே கூடாது. துறைமுகம், அனல் மின்நிலையம் ஆகியவற்றின் சுவர் ஓரம் நின்றால் பாதுகாவலர்கள் அனுப்பிவிடுவார்கள், அது நியாயம்தான். பழவேற்காட்டில் பறவைகள் சரணாலயப் பகுதி இருக்கிறது. பூநாரைகள் மேயும் ஆழமற்ற பரப்பில் நடந்துபோய் ராடு வீசாதீர்கள்.

ராடு, ரீல், நரம்பு என்ன வாங்கலாம்?

ஏழடி, கொஞ்சம் லேசான ஸ்பின்னிங் ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல். இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய ராடாக இருந்தால் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் எடுத்துப்போக வசதி.

நரம்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண தங்கூசி இழுத்தால் நீளும். ரப்பர் தரையைத் தொட்டது, மீன் லேசாகத் தட்டியது எதுவும் கைக்கு வராது. 15 பவுண்டு பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, போடுங்கள். அதன் முனையில் 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது உராய்வு தாங்கும் முனை நரம்பு, ஒரு மார் நீளம். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடி பிளேடு. லீடர் இல்லாமல் பிரெய்டை நேரே கட்டினால் மீனும் போகும், ரப்பரும் போகும். முடிச்சுக்கு டபுள் யூனி போதும். எஃப்ஜி முடிச்சு இன்னும் மெலிதாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து இருபது தடவை போட்டுப் பழகியபின் கரையில் போடுங்கள்.

முள், ஈயம், சுழலி போன்றவற்றுக்குக் காசிமேட்டுப் பக்கக் கடைகளே போதும்.

ஜிக் ஹெட் எத்தனை கிராம்?

ஜிக் ஹெட் என்பது ஈயத் தலை வைத்த முள். அடியைத் தொட்டது தெரிகிற அளவில் இருப்பதிலேயே லேசானதைப் போடுங்கள். உள் ஓடைகளில் 3, 4 கிராம். பாலத்தடியில் ஓட்டம் இருக்கும்போது 7. முகத்துவாரத்தில் 10 அல்லது 14. மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறினால் நரம்பு வில்லாக வளைந்து ரப்பரைத் தூக்கிவிடும், அப்போது ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

ரப்பரை முள்ளில் கோர்க்கும்போது வளைந்துவிடுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். வளைந்த ரப்பர் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும். சுற்றுகிற இறாலை எந்த மீனும் பார்த்ததில்லை. நரம்பும் முறுக்கிக்கொள்ளும்.

முதலில் ஜிக் ஹெட்டை ரப்பரின் பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள். ஈயத் தலை ரப்பரின் மூக்குக்கு நேராக இருக்கும்போது முள்ளின் வளைவு எங்கே வருகிறதோ அங்கே முதுகில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். முள் முனையை மூக்கின் நட்ட நடுவில் குத்தி நேராக உள்ளே செலுத்துங்கள். ரப்பரை முள் மேல் தள்ளாமல், முள்ளை ரப்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும், பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரி. கீறலில் முனையை வெளியே எடுத்து, ஈயத்தின் கழுத்துவரை ஏற்றுங்கள். கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். வயிறு சுருங்கியிருந்தால் முள் சீக்கிரம் வெளியே வந்துவிட்டது, முதுகு கூனியிருந்தால் தாமதமாக வந்திருக்கிறது. கழற்றித் திரும்பக் கோருங்கள். கழுத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் ரப்பர் நழுவாது.

கடைசியாக, கரையோரம் காலடித் தண்ணீரில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வால் அடிக்க வேண்டும், உடம்பு நேராக வர வேண்டும். இந்தப் பத்து வினாடிச் சோதனையை நான் இன்றுவரை விட்டதில்லை.

வீசி இழுக்கிறேன், இழுக்கிறேன், ஒன்றுமே இல்லை. என்ன தப்பு?

அநேகமாக வேகம். முதல் வருடம் முழுக்க நானும் அதைத்தான் செய்தேன். காட்டுக்குப்பத்துப் பக்கம் ஒரு நாள் நான் வீசுவதையும் சுற்றுவதையும் வலை பின்னிக்கொண்டே ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "இன்னா தம்பி, ராட்டினம் மாதிரி சுத்திகினே கீற. கீழ வுடு. இறாலு இன்னா ரயில்லயா போவுது? அது துள்ளும், குந்தும். கொஞ்சம் குந்தவெய்யி" என்றார். அவர் ராடு பிடித்தவரில்லை. ஆனால் அறுபது வருடம் இறாலைப் பார்த்தவர். அன்றைக்கு மதியத்துக்குள் எனக்கு முதல் கொடுவா கிடைத்தது, முக்கால் கிலோ இருக்கும்.

அவர் சொன்னதை ராடு பாஷையில் சொல்கிறேன். ஓட்டத்துக்கு மேல்பக்கமாகச் சாய்த்து வீசுங்கள். ரப்பர் தண்ணீரில் விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நரம்பு இறங்கிக்கொண்டே இருந்து சட்டென்று தளரும், அதுதான் அடி. எத்தனை எண்ணிக்கை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ராடு நுனியை இரண்டு தடவை சிறிதாகத் தூக்குங்கள், ஒரு முழம் எழும்பினால் போதும். நுனியைத் தாழ்த்திக்கொண்டே தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றுங்கள். ரப்பர் மறுபடி அடிக்கு இறங்கட்டும். இறங்கியபின் மூன்று எண்ணுங்கள். அப்புறம் திரும்பத் தூக்குங்கள்.

பத்துக்கு எட்டு தடவை மீன் எடுப்பது ரப்பர் இறங்கும்போதுதான். அதனால் கண் ராடு நுனியில் இருக்கக்கூடாது, நரம்பு தண்ணீரைத் தொடுகிற இடத்தில் இருக்க வேண்டும். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு பாதியில் நின்றாலும், ஒரு பக்கம் லேசாக நகர்ந்தாலும், எட்டு எண்ண வேண்டிய இடத்தில் ஐந்திலேயே தளர்ந்தாலும் அது மீன். கையில் "டொக்" என்று ஒரு தட்டு வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கொடுவா கடித்து இழுப்பதில்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். மேல்மட்டத்தில் அப்படிச் செய்யும்போது இரவில் "டப்" என்று கதவு சாத்துவது போலக் கேட்கும். நரம்பு விறைப்பாக இருந்தால் ரப்பர் அதன் வாய்க்குள் போகாது. இறங்கும்போது ஒரு இழை தளர்ச்சி வேண்டும். தளர்ச்சியைக் கற்றுக்கொள்ளத்தான் நாள் பிடிக்கும்.

எந்த நிறம் நல்லது?

தெளிந்த தண்ணீரில் இறால் நிறம், புகை நிறம். கலங்கலில் வெள்ளை அல்லது பளிச்சென்ற மஞ்சள் பச்சை. இருட்டில் கறுப்பு, ஏனென்றால் மீன் கீழிருந்து வானத்தைப் பார்க்கிறது, கறுப்புதான் நிழலாகத் தெரியும். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் நான் கவலைப்படுவதில்லை.

ரப்பரின் வால் மட்டும் வெட்டுப்பட்டு வருகிறது. எது?

பேத்தை. கத்தரிக்கோலால் நறுக்கியது போல அரைவட்டமாக இருக்கும். அதன் நாலு பற்களும் கிளி மூக்கு மாதிரி ஒட்டியிருக்கும். ஒரு பேத்தை வந்தால் ஒரு கும்பலே இருக்கிறது என்று பொருள், பாக்கெட்டையே காலி செய்துவிடும். இருபது அடி தள்ளி நின்று பாருங்கள், இன்னும் வெட்டினால் இடத்தையே மாற்றுங்கள். முள்ளில் மாட்டினால் இடுக்கியால் கழற்றி விடுங்கள், விரல் கொடுக்காதீர்கள். பேத்தையை யாரும் சமைக்கவே கூடாது, அதன் நஞ்சு சூட்டில் போகாது.

அடியில் மாட்டி அறுந்துகொண்டே இருக்கிறதே?

பத்து வருடத்துக்கு முன் இவ்வளவு மாட்டாது. எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் இப்போது அடி முழுக்கக் காக்கா ஆழி படர்ந்து கிடக்கிறது. அது நம் ஊர்ச் சிப்பி இல்லை; தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம், கப்பல்கள் சுமந்து வரும் நிலைப்பு நீரில் வந்திருக்கும் என்கிறார்கள். சேறு தெரியாத அளவுக்குப் பாய் விரித்தது போல் மூடிவிடும். சேற்றில் புதைந்து வாழும் மஞ்ச மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் போகிறது. இறாலைக் கையால் தடவிப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடுகிற இருளர் மக்களுக்கு அது கையைக் கிழிக்கிறது. நமக்கு ஒரு ஜிக் ஹெட் போகிறது, அவர்களுக்கு அன்றைய வேலையே போகிறது.

அங்கே மீன் பிடிக்க வழி: முள் முனை ரப்பருக்குள்ளேயே மறைந்திருக்கும் ஆஃப்செட் முள் போடுங்கள். அடியில் இழுக்காமல், தொட்டதும் தூக்கிவிடுங்கள். பத்து வீச்சுக்கு ஒரு தடவை லீடரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். மாட்டினால் உடனே பலமாக இழுக்காதீர்கள். மாட்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் நடந்துபோய் ராடைச் சுண்டினால் பாதிக்குப் பாதி வந்துவிடும்.

மழைக்காலத்தில் வரலாமா?

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நான் ராடைத் துடைத்து வைத்துவிடுவேன். பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை செம்மண் நிறத்தில் வரும், ஆகாயத்தாமரையும் மரக்கிளையும் சேர்ந்து வரும். ஜனவரியில் தண்ணீர் தெளியத் தொடங்கியதிலிருந்து மார்ச் வரைக்கும் நல்ல காலம். ஆகஸ்ட், செப்டம்பரும் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் கடலில் போகும் விசைப்படகுகளுக்கானது, கரையில் நின்று ராடு போடுபவருக்கு அல்ல.

குப்பத்து மீனவர்கள் தகராறு செய்வார்களா?

எனக்கு ஒரு தடவைகூட நடந்ததில்லை, காரணம் நான் கேட்டுவிட்டு நிற்கிறேன். முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் எங்கே போனாலும் முதலில் வலைக்காரரிடம் போய், "அண்ணே, இங்க நிக்கலாமா, வலை கிடக்குதா?" என்று கேளுங்கள். "அப்டி ஓரமா போ, நடுவுல வலை கீது" என்று அவர்களே இடம் காட்டுவார்கள். தண்ணீரில் மிதக்கும் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் புட்டியோ குப்பை என்று நினைக்காதீர்கள், அடியில் வலை இருக்கும். ஜிக் ஹெட் வலையில் மாட்டினால் பலமாக இழுக்காமல் நரம்பை உங்கள் பக்கமே அறுத்துவிட்டு, அவர் வரும்போது சொல்லிவிடுங்கள்.

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். கரையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீராகத் தெரிகிற இடம், அன்றைக்கு ஒரு குடும்பத்தின் பாடாக இருக்கும். பொழுதுபோக்குக்கு வருகிற நாம் அவர்களுடைய வேலை நேரத்தில் அவர்களுடைய இடத்தில் நிற்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். எண்ணூர் கழிமுகத்தின் உள்பகுதியில் பிடித்ததை விட்டுவிடுகிறேன். இது என் முடிவு, காரணத்தைச் சொல்கிறேன்.

அனல் மின்நிலையச் சாம்பல் பல வருடமாக இந்தக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. சில இடங்களில் கால் வைத்தால் கறுப்புச் சேற்றுக்குப் பதில் சாம்பல் நிறக் கூழ்தான் வரும். இங்குள்ள மண்ணிலும் மீனிலும் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. அடுத்த வாரம் நான் போனபோது அலையாத்திச் செடிகளில் இடுப்பளவுக்கு ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு இருந்தது. படகுகளில், வலைகளில், கூழைக்கடாக்களின் இறகில் எல்லாம் தார். மீனவர்கள் வாளியில் எண்ணெயை மொண்டுகொண்டிருந்தார்கள். அன்று ராடைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. பல மாதம் கழித்துத்தான் மறுபடி வீசினேன். அந்த வருடம் முதலில் வந்தது ஒரு உள்ளங்கை அளவு செப்பிலி; அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடுவா, களவா மாதிரி மற்ற மீனைத் தின்று வளரும் மீனில் இந்த உலோகங்களில் குறிப்பாகப் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கழிமுகத்து உள்பகுதி மீனைக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். எண்ணூர் மீனவர்கள் கடலில் பிடித்து வருவது வேறு, அதைத் தாராளமாக வாங்குங்கள்.

பெரிய கொடுவா மாட்டினால்?

படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். அதனால் மிகப் பெரிய கொடுவா அநேகமாக எல்லாமே பெண், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒன்றரை இரண்டு கிலோ மீன்தான் சாப்பிடவும் ருசி.

விடுவதென்றால் சரியாக விட வேண்டும். முள்ளின் எதிர்முனையை, அதாவது மீன் கழலாமல் தடுக்கும் சின்னக் கூரை, முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கி வையுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே இன்னொரு கையைக் கொடுங்கள். ஓட்டத்தைப் பார்த்துத் தலையை வைத்துப் பிடித்திருந்தால், அதுவே வாலை அடித்துக் கிளம்பும்.

கெளுத்தி முள் குத்தினால், திருக்கை அடித்தால் என்ன செய்வது?

பொறுக்கும் அளவுக்கு வெந்நீரில் அரை மணிக்கு மேல் காலையோ கையையோ வைத்திருங்கள், வலி குறையும். பிறகு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள், திருக்கை விலகிப்போகும். சாம்பல் கூழ் இருக்கும் கரையில் இறங்கவே வேண்டாம்.

பெட்டியில் ரப்பர்கள் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டன. வெயிலாலா?

வெயில் மட்டுமில்லை. நன்றாக இழுபடும், தண்ணீரில் மிதக்கும் சில ரப்பர்கள் பி.வி.சி. அல்ல, வேறு பொருள். இரண்டையும் ஒரே அறையில் போட்டால் ஒன்றையொன்று கரைத்து அல்வாவாகிவிடும். எனக்கும் ஒரு பெட்டி முழுக்கப் போனது. வாங்கிய பாக்கெட்டிலேயே வைத்திருங்கள்.

கிழிந்த ரப்பரை என்ன செய்ய?

தண்ணீரில் போடாதீர்கள். அது மக்காது, விழுங்கிய மீனின் வயிற்றில் ஊதி அடைத்துக்கொள்ளும். நான் இடுப்பில் ஒரு ஜிப் வைத்த பை கட்டியிருக்கிறேன். கிழிந்த ரப்பர், வெட்டிய நரம்புத் துண்டு, லீடர் நுனி எல்லாம் அதற்குள். வால் போன பேடில் டெயில்களை நறுக்கிச் சின்ன ஜிக் ஹெட்டில் போட்டால் கீச்சானுக்கு ஆகும். வீட்டுக்குக் கிளம்பும்போது எத்தனை கொண்டுபோனேன், எத்தனை திரும்பியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, தொலைந்ததை நோட்டில் ஓத நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுவேன். எந்த இடத்தில் அதிகம் தொலைகிறதோ அந்த இடத்துக்குப் போவதைக் குறைத்துவிட்டேன்.

பத்து வயசு பையனைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. கரையிலிருந்தே போடக்கூடிய இடமாகப் பார்த்து, வற்றம் தொடங்கும் நேரத்துக்குக் கூட்டி வாருங்கள். காலில் ஷூ, தலையில் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. ஜிக் ஹெட் முகத்தை நோக்கித் திரும்பி வருவது உண்டு. 4 கிராம், சின்ன இறால் ரப்பர் கட்டிக் கொடுங்கள். கொடுவா வரும் என்று சொல்லி வைக்காதீர்கள். கீச்சான் வரும், அதுவே அவனுக்குப் போதும். தண்ணீரை விட்டு எடுத்ததும் அது கீச்கீச்சென்று சத்தம் போடும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.